அந்த நாய் எப்ப வந்துச்சு

நாய் இருக்கு. டிவியில, அவன் கால்மாட்டுல, வால ஆட்டிக்கிட்டு நிக்குது. அவன்னா நான்தான், விளையாட்டுக்குள்ள இருக்குற நான், மஞ்ச மழைக்கோட்டு போட்ட மீட்புப் படைக்காரன். அவனுக்கு நாய் கெடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் சேவ் பண்ணி நிறுத்துனப்ப அவன் ஒண்டியா நின்னான், ஒடஞ்ச பாலத்துக்கு இந்தப் பக்கம், இடுப்புல கயிறு சுத்தி, கையில விளக்கு, விளக்கு அணஞ்சிருந்துச்சு, மழை பேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. இப்ப பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குறான். மழை இல்ல. விளக்கு எரியுது. ஒரு பள்ளிக்கூட வாசல். நான் இந்தப் பள்ளிக்கூடத்த பாத்ததே இல்ல. பாத்திருந்தா தெரியும், எனக்குத் தெரியாமப் போறதுன்னு ஒண்ணு இல்லயே. வாராந்திர ஆஃபு இன்னைக்கு, சாப்பிட்டாச்சு, பிலோ மிளகாய்த்தூள் அரைக்க மில்லுக்குப் போயிருக்கா, போன கரண்டு இப்பத்தான் வந்துச்சு, ஃபேனு கிரீச்னு ஒரு சுத்து சுத்திட்டு ஓட ஆரம்பிச்சிருக்கு, நானும் நல்ல புள்ளையா உக்காந்து கேம் மிஷினப் போட்டேன், போட்டா நாய். செவல நாய், ஒரு காது மடங்கி இருக்கு. என்னைய நல்லாத் தெரிஞ்ச மாதிரி பாக்குது. எனக்கு அதத் தெரியாது. யாரோ என் இடத்துல உக்காந்து வெளையாடியிருக்கான். வீட்டுக்குள்ள ஆள் நடமாட்டம் இருந்திருக்கு, நான் இல்லாதப்ப, அதுவும் என் செருப்பையே போட்டுக்கிட்டு.

இதப் பெரிய விஷயமாப் பேசுறேனேன்னு தோணும். ஒரு வீடியோ கேம், நாப்பத்தொம்பது வயசு ஆம்பள, கவர்மெண்டு பஸ் கண்டக்டர். பஸ்ல நான் ஒரே ஆள்கிட்ட ரெண்டு தடவ டிக்கெட் கேட்டது கெடையாது, அதுதான் என் பெருமை. சத்திரம் பஸ் ஸ்டாண்டுல ஏறுற கூட்டம் காந்தி மார்க்கெட்ல ஒண்ணு மேல ஒண்ணா நசுங்கி நிக்கும், அப்பவும் தெரியும், செவப்பு சட்டை எறங்குறது பால்பண்ணை, குடை வச்சிருக்கவரு காட்டூர், மூக்குக் கண்ணாடிக்காரரு இன்னும் டிக்கெட் எடுக்கல, எடுத்த மாதிரி ஜன்னலப் பாக்குறாரு. மூஞ்சி உள்ள போனா வெளிய வராது. சின்னதுல இருந்தே அப்படித்தான். பாலக்கரையில ஒரு வீடியோ கேம் கட இருந்துச்சு, இருட்டா, ரூம் பூரா வேர்வ நாத்தமும் பீடி நாத்தமும், நின்னுக்கிட்டே வெளையாடுற பெட்டிங்க. முத நாளு செத்தேன், செத்தேன், செத்துக்கிட்டே இருந்தேன். மறு நாளு சாகவே இல்ல. எவன் எந்த சந்துல இருந்து எப்ப குண்டு எறிவான்னு அவனுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சுது. ஒரே காயின்ல சாயங்காலம் வரைக்கும் நின்னேன். கடக்காரரு வந்து பெட்டிக்குப் பின்னாடி போயி பிளக்க புடுங்கிட்டு, "தம்பி, நீ வேற கடையப் பாரு"ன்னாரு. நைட் காலேஜ்ல பி.ஏ. வரலாறு படிச்சப்பவும் இதே கததான். பரிட்சைல புஸ்தகத்துல இருக்குற மாதிரியே எழுதி வச்சேன், காமா கூட விடாம. பிட்டுன்னு நெனச்சு ப்ரொஃபசர் கூப்ட்டாரு, நான் அவரு முன்னாடி நின்னு அந்தப் பக்கத்த அப்படியே ஒப்பிச்சேன். அவரு அசரல. "சரி, பிட்டு இல்ல. இப்ப அந்தப் போரு ஏன் வந்துச்சுன்னு நீயா சொல்லு"ன்னாரு. நான் முழிச்சேன். பாஸ் மார்க்குதான் போட்டாரு. நல்ல மனுசன், சரியாத்தான் போட்டாரு.

ஞாபகம் இருக்குறவனுக்கு விளையாட்டுங்க சீக்கிரம் செத்துப் போயிரும். இது யாருக்கும் சொன்னாப் புரியாது. கத உள்ள விளையாட்டு ஒரு தடவதான். ரெண்டாவது தடவ போனா அந்தப் பொண்ணு அழுவுது, நான் எப்ப அழுது முடிப்பான்னு காத்துக்கிட்டு உக்காந்திருக்கேன், துரோகம் பண்ணப் போறவன் தோள்ல கை போடுறான், எனக்கு சிரிப்பா வருது. காரு ஓட்டுற விளையாட்டுல வளைவு வர்றதுக்கு முன்னாடியே கட்டவெரல் திரும்பிருது, தூங்கிக்கிட்டே ஓட்டலாம், தூங்கியும் ஓட்டிருக்கேன். புதிர் விளையாட்டு பத்தி சொல்லவே வேணாம், யாரோ போட்டு முடிச்ச குறுக்கெழுத்த வாங்கிட்டு வந்த மாதிரி. ஃபுட்பால் கொஞ்சம் தாங்குச்சு. அப்புறம் அந்தக் கோல்கீப்பரு எந்தப் பக்கம் விழுவான்னு அவன் மொழங்காலப் பாத்தே தெரிஞ்சுபோச்சு. செகண்ட்ஹேண்ட் டிஸ்க் விக்கிற கடையில என்னையப் பாத்தாலே அந்தப் பையன் தலைய சொறிவான், "அண்ணே, போன வாரம்தானேண்ணே எடுத்துட்டுப் போனீங்க." ஆனா பஸ் மட்டும் சலிக்கல. அதே ரூட்டு, அதே ஸ்டேஜு, அரியமங்கலத்துல அதே குப்பமேட்டுப் பொக, இத்தன வருசமா சலிக்கல. ஏறுற ஆளு மாறுதுல்ல. அப்ப எனக்கு வேண்டியது ஆள் மாறுற விளையாட்டுன்னு செபஸ்திதான் கண்டுபுடிச்சான். பிலோவோட தம்பி, வேல தேடிக்கிட்டு எங்க வீட்டுல தங்கியிருக்கான். வேலைய எந்தப் பக்கம் தேடுறான்னு நான் கேக்குறதில்ல. அவன்தான் இத வாங்கிட்டு வந்தான். "மச்சான், இது புயல் அடிச்ச தீவு. ஒவ்வொரு தடவையும் வீடு மாறும், ரோடு மாறும், மாட்டிக்கிட்ட ஆளு வேற எடத்துல இருப்பாங்க. உங்க மண்டை இங்க செல்லாது." செல்லல. முத தடவையா செல்லல. மூணு நாளு சந்தோசமா தொலஞ்சு போனேன், தப்பு தப்பான வீட்டுக் கதவ ஒடச்சேன். இப்ப யோசிச்சா அதுலதான் மாட்டிக்கிட்டேன்னு தோணுது. பழைய விளையாட்டுன்னா எவன் எத நகட்டி வச்சாலும் சட்டுனு சொல்லிருவேன். இதுல எல்லாமே தானா நகரும். சாட்சி சொல்ல ஒண்ணும் இல்ல. நான் விட்ட எடம் ஒண்ணுதான் சாட்சி, அதத்தான் எவனோ மாத்திட்டான்.

செபஸ்திதான். வேற யாரு. மிஷின் தானா வெளையாடாது, இன்டர்நெட்டும் கெடையாது, கரண்டு போயி வந்தா நாய் மொளைக்காது. அவனுக்குத்தான் பட்டன் எல்லாம் தெரியும். நேத்து நான் டூட்டியில இருந்தேன், பிலோ கோயிலுக்குப் போயிருப்பா, இவன் காலை நீட்டிக்கிட்டு உக்காந்து பாலத்தக் கடந்திருப்பான். இரு, நேத்து அவன எங்க பாத்தேன். சாப்பிடுறப்ப பாக்கல. அந்த மூலைல அவன் பாய் சுருட்டி நிக்க வச்சிருக்கு, பாய்க்குப் பக்கத்துல எப்பவும் தொங்குற சார்ஜர் இல்ல, சீப்பு இல்ல, கதவுல அவன் துண்டு இல்ல. காலையில பல்லு வெளக்குறப்ப நின்னு ஒரு பாட்டு மொனவுவான், இன்னைக்கு மொனவல, நேத்தும் மொனவல. பிலோகிட்ட காலையிலயே கேட்டேன், "எங்கடி உன் தம்பி?" "வேலை விசயமா போயிருக்கான்"னு சொல்லிட்டு தோசையத் திருப்புனா. திருப்ப வேண்டிய நேரம் இல்ல அது. தோசை இன்னும் வேகல. அப்பவே எனக்கு உறுத்துச்சு. டிக்கெட் எடுக்காதவன் இன்ஸ்பெக்டரப் பாத்ததும் படிக்கட்டுப் பக்கம் நகருவான் பாருங்க, அது மாதிரி நகந்துட்டான் இவன். சரி, வெளையாடினான், வெளையாடிட்டுப் போகட்டும், ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, மச்சான் உங்க ஆள நான் பாலம் தாண்ட வச்சுட்டேன்னு. சொல்லாம இருக்கான்னா என்ன அர்த்தம். அக்காவும் தம்பியும் சேந்து எதையோ மூடுறாங்க. ஒரு நாய மூடுறதுக்கு எதுக்கு ரெண்டு பேரு.

அந்த முக்கோண பட்டன அமுக்குனா நாயப் பத்தி விவரம் வரும்னு தோணுச்சு, அமுக்குனேன், வந்துச்சு. பசி இல்ல, காயம் இல்ல, நம்பிக்கை நெறைய. பேரு ராயர். கண்ட்ரோலரக் கீழ வச்சுட்டேன். ராயர். இங்கிலீஸ் எழுத்துல, ஒரு எழுத்து கூடவே போட்டு. பேரு நாமதான் வைக்கணும், வெளையாடுறவன் வைக்கிற பேரு. ராயருங்குறது பொன்மலை ரயில்வே குவாட்டர்ஸ்ல எங்க லைன்ல கெடந்த நாய். யாரு வீட்டு நாயும் இல்ல, எல்லா வீட்டு நாயும்தான். அப்பா ஒர்க்‌ஷாப்ல இருந்து வர்றப்ப கேட் பக்கத்துல நிக்கும், அப்பா சட்டைல இருக்குற கிரீஸ் வாசனைய மோந்துட்டு கூடவே வரும், அதுக்கும் ஒரு காது மடங்கித்தான் இருந்துச்சு. செபஸ்திக்கு ராயரத் தெரியாது. அவன் பொறக்குறதுக்கு முன்னாடி செத்துப்போச்சு. அப்ப பிலோ. பிலோவுக்கு நான் சொல்லிருக்கணும். எப்ப சொன்னேன். கல்யாணம் ஆன புதுசுல வேளாங்கண்ணி போனோமே, அப்ப ஜன்னல் சீட்டுக்கு சண்ட போட்டோம், அப்ப அப்பா பத்தி பேசுனேன், அவரு ஒர்க்ஷாப்புல ஊதுற சங்கு பத்தி பேசுனேன், ராயரப் பத்தி பேசல. எங்க மூத்த பொண்ணு பொறந்தப்ப ஆஸ்பத்திரி வராண்டாவுல ஒரு நாய் படுத்திருந்துச்சு, அப்பவும் சொல்லல, அவ வலியில இருந்தா. வரிசையா போய்ப் பாக்குறேன், பஸ்ல பின்னாடி சீட்ல இருந்து முன்னாடி வரைக்கும் பாத்துக்கிட்டே போற மாதிரி, எங்கயும் ராயர் இல்ல. நான் இந்த வீட்டுல யாருகிட்டயும் ராயர் பேர எடுத்ததே இல்ல. அப்ப அந்தப் பேரு எப்படி உள்ள போச்சு. எனக்கு மட்டும் தெரிஞ்ச பேரு. வேணாம், இந்தப் பக்கம் யோசிக்க வேணாம். பிலோதான். எங்க அக்கா யாராவது போன்ல சொல்லிருப்பா. பொம்பளைங்க பேசாததா.

யோசிக்க வேணாம்னா அதுதான் வரும். போன வாரம் காந்தி மார்க்கெட் தாண்டி ஒரு ஆளு, வாழையிலைக் கட்ட மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருந்தாரு. "எங்க போகணும்ணே"ன்னு கேட்டேன். அவரு என்னையப் பாத்தாரு. "இப்பத்தானே குடுத்தீங்க"ன்னாரு. எல்லாரும் சொல்றதுதான் இது, "காட்டுங்க"ன்னேன். எலைக்கட்ட எறக்கி வச்சு, சட்டப்பைக்குள்ள விட்டு, எடுத்துக் காட்டுனாரு. திருவெறும்பூர். டிக்கெட் மிஷின்ல அடிச்ச நேரம் அப்பத்தான். அவரு வெரல் ஈரம் பட்டது கூட இன்னும் காயல. பஸ்ஸே சிரிச்சுது. டிரைவர் காதர் பாய் கண்ணாடியில பாத்து, "என்ன இருதயம், ஒரே ஆள ரெண்டு தடவ ஏத்துற, டிப்போவ வாழ வைக்கப் போறியா?"ன்னு கத்துனாரு. நானும் சிரிச்சேன். உள்ளுக்குள்ள என்ன நெனச்சேன்னா, கீழ கெடந்த டிக்கெட்ட எடுத்து வச்சுக்கிட்டான்யா இந்த ஆளு. எறங்குற வரைக்கும் அவரையே பாத்துக்கிட்டு இருந்தேன். திருவெறும்பூர்லதான் எறங்குனாரு. எறங்கிட்டுத் திரும்பி என்னையப் பாத்து ஒரு மாதிரி தலைய ஆட்டுனாரு, பரவால்லங்குற மாதிரி. அதுதான் எனக்குத் தாங்கல. அவரு மூஞ்சி இப்ப வர மாட்டேங்குது. வாழையிலை வருது, மடி வருது, கழுத்துல சந்தனக் கலர் துண்டு வருது. மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல ஜன்னல் வெளிச்சம்தான் வருது.

பழைய டிஸ்க் ஒண்ண எடுத்துப் போட்டேன். எந்திரிச்சு அலமாரியில துழாவி, தூசிய லுங்கியில தொடச்சு, நாயக் கழட்டி இதப் போட்டேன். ஒத்தக்கண்ணு ராட்சசன் வர்ற விளையாட்டு, எத்தனையோ வருசமாச்சு தொட்டு. என்னைய நானே செக்கிங் பண்றேன், இன்ஸ்பெக்டர் ஏறிட்டாரு, எல்லாரும் டிக்கெட்டக் காட்டுங்க. ராட்சசன் வந்தான். இடது, இடது, குதி, குனி, இப்ப அவன் கையத் தூக்குவான், தூக்குனான், இப்ப மூச்சு வாங்குவான், வாங்குனான். மேல ஒரு கீறல் இல்லாம முடிச்சுட்டேன். கை தானா ஓடுச்சு. ஆஹான்னு இருந்துச்சு, ஒரு சொம்பு தண்ணி குடிச்சேன், பக்கத்து வீட்டுல கிரைண்டர் ஓடுற சத்தம் கூட நல்லாருந்துச்சு. பாத்தியா, ஒண்ணும் ஆகல, எல்லாம் வச்ச எடத்துல இருக்கு, அப்ப எவனோதான் வெளையாடியிருக்கான், வீட்டுல ஒரு திருடன் இருக்கான், அந்தோணியாரே உமக்கு ஒரு மெழுகுவத்தி, திருடன் இருந்தாப் போதும். தண்ணி பாதி தொண்டையில இருக்குறப்பவே அப்பா நெனப்புக்கு வந்துட்டாரு. அப்பாவுக்கும் பழசு எல்லாம் ஞாபகம் இருந்துச்சே. ஒர்க்‌ஷாப்புக்கு ரிப்பேருக்கு வந்த இஞ்சின் நம்பருங்கள வரிசையா சொல்லுவாரு, எந்த இஞ்சினுக்கு எந்த பாய்லர்ல ஓட்டைன்னு சொல்லுவாரு, கேட்டவங்க வாயப் பொளப்பாங்க. சொல்லி முடிச்சுட்டு அம்மாவப் பாத்து, "சங்கு ஊதிருச்சா?"ம்பாரு. ஊதிருச்சும்பா. சாப்பாட்டுக்குக் கைகழுவிட்டு வந்து, "சங்கு ஊதிருச்சா?" அவரு ரிட்டயர் ஆகி வீடு மாறி, சங்கு காதுக்கு எட்டாத தூரத்துக்கு வந்தப்புறமும் கேட்டாரு. ஆனா அது அப்புறம். ஆரம்பம் அது இல்ல. ஆரம்பம் என்னன்னு எனக்குத் தெரியும், நான் பக்கத்துல இருந்தவன். ஷேவிங் ரேசர் காணோம்னாரு. எவனோ எடுத்துட்டான்னாரு. எடுத்த எடத்துல வைக்கிறதில்ல எவனும்னாரு. பக்கத்து லைன்ல இருந்த ஃபிட்டர் மேல சந்தேகம், அம்மா மேல சந்தேகம், ஒரு தடவ என் சட்டைப் பைக்குள்ள கைய விட்டுப் பாத்தாரு. அப்பா மொதல்ல மறக்கல. மொதல்ல சந்தேகப்பட்டாரு. மறந்த எடத்த எல்லாம் ஒரு திருடனப் போட்டு ரொப்புனாரு. அப்படி ரொப்புறப்ப அவரு மூஞ்சி எப்படி இருந்திருக்கும்னு எனக்குத் தெரியும், கொஞ்சம் முன்னாடி அந்த சுருட்டுன பாயப் பாத்துக்கிட்டு இருந்தேனே, அப்ப என் மூஞ்சி இருந்த மாதிரிதான் இருந்திருக்கும்.

தும்மல் சத்தம் கேட்டுச்சு, வாசல் கேட் தொறக்குற சத்தத்துக்கு முன்னாடியே. பிலோ மிளகாய்த்தூள் டின்னோட வந்தா. கண்ணு செவந்திருக்கு. மிளகாயா அழுதாளான்னு பாத்தேன், பாக்குறப்பவே என்னைய நான் புடிச்சுக்கிட்டேன், பாத்தியா, இதுவும் சந்தேகம்தான். அதுக்குள்ள நான் நாயத் திரும்பப் போட்டிருந்தேன். அது வால ஆட்டிக்கிட்டு நின்னுச்சு. பிலோ டிவியப் பாத்தா, என்னையப் பாத்தா, டின்ன கீழ வச்சா. வைக்கிறப்ப சத்தம் வராம வச்சா, எப்பவும் அவ அப்படி வைக்கிறவ இல்ல. "இந்த நாய் எப்படி வந்துச்சு பிலோ?"ன்னேன். அவ முந்தானையில கையத் தொடச்சுக்கிட்டே, "நான்தாங்க வெளையாடினேன்"னா. "நேத்து மத்தியானம் சும்மா இருந்தேன். ரிமோட்ட எடுத்தேன். பாலத்துக்குக் கீழ எறங்குனா ஒரு வழி இருக்கு, தண்ணி மொழங்கால் அளவுதான். அந்தப் பக்கம் ஒரு கிணறு, அதுக்குள்ள கெடந்து கத்திக்கிட்டு இருந்துச்சு. கயித்துல வாளியக் கட்டி விட்டேன், ஒரு தடவ நழுவிருச்சு, அப்புறம் ஏறிக்கிச்சு. பேரு கேட்டுச்சு. உங்க ராயர் பேர வச்சேன்." சொல்லிட்டு சிரிச்சா. கரெக்டா இருக்கு எல்லாம். பாலம், மொழங்கால் தண்ணி, வாளி. எனக்கு நெஞ்சுல பாரம் எறங்கியிருக்கணும். எறங்கல. பஸ்ல ஒருத்தன் இருப்பான், டிக்கெட்டுன்னு கேட்டதும் ஏறுன ஸ்டாப், எறங்குற ஸ்டாப், நான் சில்லறை இல்லன்னு சொன்னது, பக்கத்துல யாரு நின்னா வரைக்கும் கடகடன்னு சொல்லுவான். அவன்தான் டிக்கெட் எடுத்திருக்க மாட்டான். எடுத்தவன் பேந்தப் பேந்த முழிப்பான், இங்கதான் வச்சேன்னு நாலு பையத் துழாவுவான், அவனுக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, ஏன்னா அவன் அத ஞாபகம் வச்சுக்கணும்னு நெனச்சே இருக்க மாட்டான். பிலோ ஒரு எடத்துல கூட துழாவல. இத இதுக்கு முன்னாடியே ஒரு தடவ சொல்லிப் பாத்த வாய் அது. நான் கேட்டேன், குரல் வேற யாரோடதோ மாதிரி வந்துச்சு, "பிலோ, நான் இத உன்கிட்ட கேக்குறது எத்தனாவது தடவ?"

அவ சமையக்கட்டுப் பக்கம் திரும்புனா, போகல. திரும்பி வந்து கட்டில் முனையில உக்காந்தா. "நாயப் பத்திக் கேக்குறது மூணாவது தடவ"ன்னா. "முத தடவ செபஸ்தியப் புடிச்சீங்க. அவன் இல்லவே இல்லன்னு மாதா மேல சத்தியம் பண்ணான். திருட்டு முழின்னீங்க. வேல வெட்டி இல்லாத நாயின்னீங்க. பையத் தூக்கிட்டு உறையூருக்குப் போயிட்டான், சித்தி வீட்டுக்கு. நீங்கதான் வாசல் வரைக்கும் போய்க் கத்துனீங்க." எனக்கு அந்த வாசல் வரவே இல்ல. என் வாசல், நான் கத்துன வாசல். "ரெண்டாவது தடவ?"ன்னேன். "ரெண்டாவது தடவ நான்தான்னு சொல்லிட்டேன். வீட்டுல சண்ட வேணாம்னு. நம்புனீங்க. அட, நீ கூட வெளையாடுவியான்னு சிரிச்சீங்க. எனக்கு அன்னிக்குத்தாங்க பயமே வந்துச்சு. கத்துனப்ப கூட வரல." "நாயப் புடிச்சது யாரு?" "நீங்கதான். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சு வந்து, சட்டைய கூட மாத்தல. பிலோ பிலோன்னு கத்தி என்னைய இங்க உக்கார வச்சு, வாளி நழுவுறப்ப என் கையப் புடிச்சு நசுக்கி, சின்னப் புள்ள கெட்டுது போங்க. அப்புறம் ராயர் கதை முழுசும் சொன்னீங்க. மாமா சட்டைய மோந்துகிட்டே வருமாமே. கல்யாணமாகி இத்தன வருசத்துல நீங்க அத சொன்னதே இல்ல." நான் அந்த ஞாயித்துக்கெழமக்காரன நெனச்சுப் பாத்தேன். சட்ட மாத்தாம உக்காந்து, பொண்டாட்டி கையப் புடிச்சுக்கிட்டு, ராயர் கதை சொன்னவன. பொறாமையா இருந்துச்சு அவன் மேல. நான் இத்தன வருசமா கடை கடையா தேடுனத அவன் ஒரே மத்தியானத்துல அனுபவிச்சுட்டு, எனக்குத் துளி மிச்சம் வைக்காமப் போயிட்டான். திருடன் கெடச்சுட்டான்னு சொல்லிக்க வேண்டியதுதான். "நாளைக்குக் காலையில நரம்பு டாக்டருகிட்ட டோக்கன் போட்டிருக்கேன்"னா பிலோ. "காதர் அண்ணன் உங்க டூட்டிய மாத்தி விட்டுட்டாரு." "அவருக்கும் தெரியுமா?" "அவருதான் எனக்கே போன் பண்ணாரு. வாழையிலைக்கார ஆளப் பத்தி." தும்முனா. "இதையும் மறந்துட்டு காலையில டூட்டிக்குக் கெளம்புனீங்கன்னா, பேண்ட்ட ஒளிச்சு வச்சுருவேன், சொல்லிட்டேன்." சிரிப்பு வந்துச்சு. எனக்கு நெசமாவே சிரிப்பு வந்துச்சு, இந்த நேரத்துல.

நிறுத்திடலாம்னு மிஷின் பக்கம் கைய நீட்டுனேன். பிலோ கையப் புடிச்சா. கை பூரா மிளகாய் நெடி. "நிறுத்தாதீங்க. ரெண்டு தடவையும் இங்கயேதான் நிறுத்துனீங்க. நாயப் பாப்பீங்க, யாரு யாருன்னு கேப்பீங்க, சண்ட போடுவீங்க, அணச்சுருவீங்க. அந்தப் பள்ளிக்கூடத்துக்குள்ள யாரோ இருமுறாங்க. ரெண்டு தடவையும் எனக்குக் கேட்டுச்சு. நீங்க போய்ப் பாக்கவே இல்ல." ஃபேன நிறுத்தச் சொன்னேன். நிறுத்துனா. கேட்டுச்சு. தூரத்துல, சுவத்துக்கு அந்தப் பக்கம், ஒரு இருமல், பொம்பள இருமல், கொஞ்சம் விட்டு இன்னொண்ணு. மத்தியானம் பூரா இந்த வாசல்லயே நின்னுக்கிட்டுத் திருடனத் தேடியிருக்கேன், காதுல விழவே இல்ல. கண்ட்ரோலர எடுத்தேன். கதவு மொதல்ல நகரல, தோளக் குடுத்துத் தள்ளணும் போல, தள்ளுனான், தொறந்துச்சு. உள்ள பெஞ்சுங்க ஒண்ணு மேல ஒண்ணு கவுந்து கெடக்கு, சுவத்துல தண்ணி ஏறி நின்ன கறை, விளக்கத் தூக்குனா மூலையில போர்வைக்குள்ள ஒரு மூஞ்சி, வயசான மூஞ்சி, கண்ணுல விளக்கு வெளிச்சம் பட்டு கையால மறைக்குது. பிலோ கட்டில்ல இருந்து எறங்கி வந்து என் பக்கத்துல தரையில உக்காந்தா, தோள் இடிச்சுது. "யாருங்க அது?"ன்னா. "தெரியல"ன்னேன். சத்தியமாத் தெரியல. உள்ளுக்குள்ள குளுந்துச்சு, அதே நேரம் பயமாவும் இருந்துச்சு. போர்வைக்கார அம்மா எந்திரிக்கப் பாக்குறாங்க, கைய நீட்டுறாங்க. நான் பட்டன அமுக்குறதுக்கு முன்னாடி பிலோவப் பாத்தேன். அவ கண்ணு டிவியிலயே இருந்துச்சு. "நல்லாப் பாத்து வச்சுக்க"ன்னேன்.